20 வருட வீட்டுக் கடனை 13 வருடத்தில் முடிப்பது எப்படி: வேலூர் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சத்துவாச்சாரியிலோ காட்பாடி பக்கமோ வீடு கட்ட 25 லட்சம் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 வருடம், மாதத் தவணை 21,696 ரூபாய். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவிட்டு, பாக்கி எவ்வளவு என்று பார்க்கிறீர்கள். கட்டியது 13 லட்சம். பாக்கி 22 லட்சம். அசலில் குறைந்தது 3 லட்சம்கூட இல்லை.

வங்கி ஏமாற்றவில்லை. கணக்கே அப்படித்தான். முதல் மாதம் 25 லட்சத்துக்கு வட்டி மட்டும் 17,708 ரூபாய். தவணையில் அது போக மிஞ்சும் 3,988 ரூபாய்தான் அசலுக்குப் போகிறது. அடுத்த மாதம் அந்த 3,988-க்கு வட்டி கிடையாது என்பதால் அசலுக்குப் போவது 28 ரூபாய் கூடும். இப்படியே ஊர்ந்து போய், தவணையில் பாதி அசலுக்குப் போக ஆரம்பிக்கும்போது ஏறக்குறைய 12 வருடம் ஓடியிருக்கும். 20 வருட முடிவில் வட்டியாக மட்டும் 27 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

இதை உடைக்க ஒரே வழி, தவணைக்கு மேலே ஏதாவது கட்டுவது. அப்படிக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலில் போய் விழும். எப்போது கட்டுகிறீர்கள் என்பது எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதைவிட முக்கியம். மேலே சொன்ன கடனில் முதல் வருட முடிவில் 1 லட்சம் கூடுதலாகக் கட்டினால் 21 தவணைகள் குறையும். மிச்சமாகும் வட்டி சுமார் 3.6 லட்சம். அதே 1 லட்சத்தை 12-ஆவது வருட முடிவில் கட்டினால் குறைவது ஒன்பது தவணைக்கும் கொஞ்சம் கம்மி. மிச்சம் சுமார் 92,000 ரூபாய்தான். 'பசங்க படிப்பு முடியட்டும், அப்புறம் மொத்தமாகக் கட்டிக்கலாம்' என்று தள்ளிப்போடுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

மொத்தமாகக் கட்டப் பணம் இல்லையா? மாதம் 3,000 கூடுதலாகக் கட்டினால் 20 வருடக் கடன் 14 வருடம் 11 மாதத்தில் முடியும், வட்டியில் 7.9 லட்சம் மிச்சம். மாதம் 5,000 என்றால் 12 வருடம் 11 மாதம். மிச்சம் கிட்டத்தட்ட 10.9 லட்சம். வருடத்துக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினாலும் 16 வருடம் 9 மாதத்துக்குள் கடன் முடிந்துவிடும். இனி, அந்த 5,000 எங்கிருந்து வரும், எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம்.

படி 1: கடன் காகிதத்தை எடுத்துப் படியுங்கள்

வீட்டுக் கணக்கைத் தொடுவதற்கு முன்னால் வங்கிக் கணக்கு. நெட் பேங்கிங்கிலோ கிளையிலோ இப்போதைய லோன் ஸ்டேட்மெண்ட்டையும் தவணை அட்டவணையையும் வாங்குங்கள். பார்க்க வேண்டியவை: இன்றைய வட்டி எத்தனை சதவீதம், மாறும் வட்டியா நிலையான வட்டியா, இன்னும் எத்தனை மாதம் பாக்கி.

கடைசிக் கேள்வியில்தான் பலருக்கு அதிர்ச்சி. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. பல வங்கிகள் தவணைத் தொகையை ஏற்றாமல் கடன் காலத்தை நீட்டிவிட்டன. மாதம் பிடிக்கும் தொகை மாறாததால் வீட்டில் யாருக்கும் தெரியவே இல்லை. 15 வருடம் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு 20 வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கலாம். இதற்காகத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது: வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்களே போய்க் கேட்கலாம்.

அடுத்து, 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ வட்டி இறங்கியது. அந்த ஜூனில் 5.5 சதவீதம் ஆகிவிட்டது. உங்கள் வட்டி அதற்கேற்ப இறங்கியதா? 2019 அக்டோபரிலிருந்து வங்கியில் வாங்கிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்கும். அதற்கு முந்தைய கடன்கள் பழைய கணக்கு முறையில் கிடந்தால் வட்டி மெதுவாகத்தான் இறங்கும். புது முறைக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள். சின்னக் கட்டணம் ஒன்று கேட்பார்கள், பெரும்பாலும் அது சில மாதத்திலேயே திரும்பி வந்துவிடும். புதிதாகக் கடன் வாங்குபவருக்கு என்ன வட்டி கொடுக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். உங்களுக்கு அரை சதவீதம் அதிகம் என்றால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வட்டி இறங்கும்போது தவணையைக் குறைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் உதாரணக் கடனில் 8.5 சதவீதம் ஆரம்பத்திலேயே 8 ஆனால், தவணையைக் குறைத்தால் மாதம் சுமார் 785 ரூபாய் கையில் மிஞ்சும், அது எங்கே போனது என்றே தெரியாது. அதே தவணையைத் தொடர்ந்தால் 20 மாதம் குறையும்.

கடனை வேறு வங்கிக்கு மாற்றுவது கடைசி வழி. பிராசஸிங் கட்டணம், வக்கீல் கருத்து, புது வங்கிக்காக மறுபடி ஆவண ஒப்படைப்புப் பத்திரப் பதிவு (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு) என்று செலவு வரிசையாக வரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 2: வீட்டுக் கடனுக்கு முன்னால் தீர்க்க வேண்டியவை

வீட்டுக் கடனுக்கு 8.5 சதவீதம் கட்டிக்கொண்டே வெளியில் 'மூணு வட்டி'க்கு வாங்கிய பணத்தை வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். மூணு வட்டி என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று, வருடத்துக்கு 36 சதவீதம். கிரெடிட் கார்டு பாக்கியும் அந்த அளவுக்கு வரும், சிலசமயம் அதற்கு மேலேயும் போகும். இவை இருக்கும்வரை வீட்டுக் கடனில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள். கைக்கடன், கார்டு, குழுக் கடன், பர்சனல் லோன், நகைக் கடன் என்று வட்டி அதிகமானதிலிருந்து ஒவ்வொன்றாக முடியுங்கள். வீட்டுக் கடன்தான் வரிசையில் கடைசி.

படி 3: அவசரப் பணமும் காப்பீடும்

கூடுதலாகக் கட்டிய பணம் வங்கிக்குள் போனால் போனதுதான். அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் மறுபடி மூணு வட்டிக்குப் போய் நின்றால் இத்தனை கணக்கும் வீண். தவணையும் சேர்த்து மூன்று மாதக் குடும்பச் செலவு தனியாக ஒரு சேமிப்புக் கணக்கிலோ டெபாசிட்டிலோ இருக்கட்டும். ஷூ கம்பெனி, தோல் தொழிற்சாலை வேலை என்றால் ஆறு மாதம். ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் முதலில் போகும், அப்புறம் வேலை நாட்களும் குறையும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சம்பாதிப்பவர் பெயரில் கடன் பாக்கிக்குக் குறையாத டெர்ம் காப்பீடு (காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) ஒன்று, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு ஒன்று. வங்கி கடனோடு சேர்த்து விற்ற காப்பீடு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அதன் பிரீமியத்தையும் பல சமயம் கடனில்தான் சேர்த்திருப்பார்கள்.

படி 4: இரண்டு மாதம் எதையும் குறைக்காமல் எழுதுங்கள்

ஆப் வேண்டாம், 40 பக்க நோட்டு போதும். கணவனும் மனைவியும் தனித்தனியாகச் செய்த செலவை ராத்திரி சேர்த்து எழுதுங்கள். ஜிபே, போன்பே போனவையும் சேர வேண்டும்; அவற்றில்தான் ஓட்டை அதிகம். இந்த இரண்டு மாதம் யாரும் யாரையும் 'இதுக்கு எதுக்கு செலவு பண்ணே?' என்று கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த நாளிலிருந்து நோட்டில் பொய் ஏறும்.

ஓர் உதாரணக் குடும்பம். கணவர் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். கைக்கு வருவது 62,000. தவணை 21,700. மளிகை 8,500. பால், காய், கறி 8,000. கேஸ், கரண்ட், தண்ணீர் கேன் 2,900. பெட்ரோல், பஸ் 3,800. பள்ளி, டியூஷன் 6,500. போன், நெட், ஓடிடி 1,800. வெளிச்சாப்பாடு 3,200. மொய், விசேஷம் 2,500. மருந்து, டாக்டர் 1,200. கூட்டினால் 60,100. மிச்சம் 1,900 எங்கே போனது என்று இருவருக்குமே தெரியாது.

இந்தத் 'தெரியாது' எல்லா வீட்டிலும் இருக்கும். சில வீடுகளில் 5,000 வரைக்கும் போகும்.

படி 5: எங்கே குறைப்பது, எங்கே கைவைக்கக் கூடாது

டீக்காசைக் குறைத்து வீட்டுக் கடனை அடைத்தவர் யாரும் கிடையாது. பத்து ரூபாய்களைத் துரத்தினால் ஒரு மாதத்தில் சலிப்பு வரும், மூன்றாம் மாதம் நோட்டு பரணுக்குப் போகும். ஐந்தாறு பெரிய வரிகளில் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பதுதான் வருடக்கணக்கில் நிற்கும்.

வெளிச்சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்பது நம் மாவட்டத்தில் கிட்டத்தட்ட சம்பிரதாயம். அதை அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கே மனசு வராது. மாதத்தில் இரண்டு ஞாயிறு கடையில், இரண்டு ஞாயிறு வீட்டில் சீரகச் சம்பா வாங்கிச் செய்தால் போதும். வாரநாளில் ஆர்டர் போட்டு வரவழைக்கும் டிபனை நிறுத்தினாலே பாதிப் பணம் மிஞ்சும். 3,200 இருந்த இடத்தில் 1,800. மிச்சம் 1,400.

மளிகையைத் தெருமுனைக் கடையில் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்காமல் மாதம் ஒருமுறை லாங்கு பஜார், மண்டித் தெருப் பக்கம் போய் மொத்தமாக வாங்குங்கள். எழுதிக்கொண்டு போன சீட்டில் இல்லாததை வாங்கக் கூடாது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கௌரவம் பார்க்காமல் வாங்குங்கள். காய்க்கு டோல்கேட் அல்லது காட்பாடி உழவர் சந்தை, காலையிலேயே. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வரும் சீசனில் அதை வாங்கி ருசியாகச் சாப்பிடுங்கள். சிக்கனம் என்பதற்காக வாயைக் கட்டினால் அது ஜொமாட்டோவில் போய் முடியும். காய் கணக்கைத் தொடாமல் மளிகையில் மட்டும் 900 குறையும்.

கரண்ட் பில் வேலூரில் தனிக் கதை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஏசி போடாதே என்று சொல்வது நடக்காத காரியம். ஆனால் நம் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில், அடுக்கு அடுக்காக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் அடுக்கிலும் சலுகை விலை போய்விடும். அதனால் 480-க்கும் 520-க்கும் உள்ள வித்தியாசம் 40 யூனிட்டைவிடப் பெரியது. கணக்கெடுத்துப் போன தேதியைக் காலண்டரில் குறித்து, மாத நடுவில் மீட்டரைப் பாருங்கள். மொட்டை மாடிக்குக் கோடைக்கு முன் வெள்ளைக் கூலிங் பெயிண்டோ சுண்ணாம்போ அடித்தால் மேல்மாடி அறையில் ஏசி ஓடும் நேரம் குறையும். ஒரே அறையில் எல்லோரும் படுப்பது இரண்டு மாதத்துக்கு ஒன்றும் தப்பில்லை. மாநகராட்சி காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் தெருவென்றால் காய்ச்சிக் குடிக்கலாம், கேன் பாதியாகும். மாதச் சராசரியில் 400.

பெட்ரோலில் 600: மனைவி சாதாரண டவுன் பஸ்ஸில் போனால் டிக்கெட்டே கிடையாது, 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம். வாரத்தில் மூன்று நாள் பஸ் என்றாலே போதும். போன், ஓடிடியில் 600. நெட் ஒன்று, ஓடிடி ஒன்று, மீதி ரத்து. 'தெரியாது' என்ற 1,900-ஐ ஆளுக்கு 400 கைச்செலவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் 1,100 மிச்சம். அந்த 400-க்குக் கணக்குக் கேட்கக் கூடாது.

கூட்டுங்கள்: 1,400, 900, 400, 600, 600, 1,100. சரியாக 5,000.

இனி, தொடக் கூடாதவை. பிள்ளைகளின் படிப்பு, மருந்து, காப்பீட்டு பிரீமியம். மொய்யும் அப்படித்தான். மொய் நோட்டில் இருப்பது வாங்கிய கடன் மாதிரி. அங்கே 500 குறைத்து எழுதினால் பேச்சு பத்து வருடம் ஓடும். விசேஷச் செலவில் குறைக்க முடிவது ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எடுக்கும் புதுத் துணியும், வேன் வாடகையும்தான். அப்புறம், வேலூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு செலவு இருக்கிறது. செய்யாறு, ஆரணி, திருப்பத்தூர் என்று எந்த ஊர்ச் சொந்தம் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தாலும் நம் வீட்டில்தான் தங்குவார்கள். 'எத்தனை நாள் இருப்பீங்க மாமா?' என்று கேட்க முடியுமா? அதைக் குறைக்கப் பார்க்காமல் மாதம் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள்; வராத மாதத்தில் அது அவசரப் பணத்தில் சேரட்டும்.

இன்னொன்று, மாதக் கணக்கில் வராத பெரிய ஓட்டை: நம் வீட்டு விசேஷம். புதுமனைப் புகுவிழாவுக்கு மண்டபம், 500 பேர் சாப்பாடு, எல்லாருக்கும் துணி என்று போகும் பணம் கடனின் முதல் வருடத்திலேயே போகிறது. முதல் வருடத்து 1 லட்சத்துக்கு 21 தவணை என்று மேலே பார்த்தோம். வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் பந்தல் போட்டு நெருங்கிய சொந்தத்தோடு முடித்துக்கொள்ளலாம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு இவற்றுக்கும் இதே யோசனைதான். சொந்தக்காரர்கள் இரண்டு மாதம் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

படி 6: மிச்சத்தைக் கடனுக்கு அனுப்பும் முறை

மிச்சம் பிடித்த 5,000 சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் பத்தாம் தேதிக்குள் அதற்கு ஒரு வேலை வந்துவிடும். சம்பளம் 1-ஆம் தேதி, தவணை 5-ஆம் தேதி என்றால் 6-ஆம் தேதி கூடுதல் தொகை போகும்படி தானாகப் பரிமாற்றம் போட்டுவிடுங்கள். பல வங்கிகளில் நெட் பேங்கிங் வழியாகவே கடன் கணக்குக்குப் பணம் அனுப்பலாம். சில வீட்டுக் கடன் நிறுவனங்கள் கூடுதல் தொகைக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கும், மாதாமாதம் வாங்காது. அப்படியென்றால் அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டு, அந்த அளவு சேர்ந்ததும் கட்டுங்கள்.

முதல்முறை கட்டும்போது இந்த வரியை எழுத்தில் கொடுங்கள்: 'இந்தத் தொகையை அசலில் வரவு வைத்து, மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்.' இந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? முதல் வருட முடிவில் கட்டிய அதே 1 லட்சத்துக்கு, காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைத்தால் மாதம் 885 ரூபாய் கம்மியாகும். 20 வருட முடிவில் வட்டி மிச்சம் சுமார் 1 லட்சம்தான். காலத்தைக் குறைத்தால் 3.6 லட்சம்.

கட்டிய பத்து நாளில் புதிய ஸ்டேட்மெண்ட்டை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: அசல் அதே அளவு குறைந்திருக்கிறதா, தவணை மாறாமல் இருக்கிறதா, பாக்கி மாதங்கள் குறைந்திருக்கிறதா. சில இடங்களில் கூடுதல் தொகையை 'அடுத்த மாதத் தவணை முன்பணம்' என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். அப்படி இருந்தால் உடனே எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள்.

தனிநபர்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனில், முன்கூட்டியே கட்டுவதற்கு வங்கியோ நிதி நிறுவனமோ அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. யாராவது 2 சதவீதம் கேட்டால் விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். நிலையான வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

பணத்தைத் திரும்ப எடுக்க முடியாதே என்று பயப்படுபவர்களுக்கு ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் இருக்கிறது, எஸ்.பி.ஐ.யின் மேக்ஸ்கெய்ன் அப்படிப்பட்டது. உபரிப் பணம் அதில் கிடக்கும்வரை அதற்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்தும் கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வட்டி கொஞ்சம் கூட, எடுக்கலாம் என்றால் எடுத்துவிடுவோம். வியாபாரம் செய்பவர்களுக்குச் சரி. மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

படி 7: எந்த வேகத்தில் போவது

நம் உதாரணக் குடும்பம் முதல் 2 வருடம் 5,000-ல் 3,000-ஐக் கடனுக்கும் 2,000-ஐ அவசரப் பணத்துக்கும் அனுப்புகிறது. தீபாவளி போனஸில் பாதியும் அவசரப் பணத்துக்கு. மூன்றாம் வருடத்திலிருந்து முழு 5,000 கடனுக்கு. இப்படிப் போனால் 13 வருடம் 4 மாதத்தில் கடன் முடிகிறது, வட்டியில் சுமார் 10 லட்சம் மிச்சம். இதில் சம்பள உயர்வைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் சம்பளம் ஏறும் மாதத்தில் கூடுதல் தொகையை 500 ஏற்றினால் இன்னும் சீக்கிரம் முடியும்.

அவசரப் பணம் நிரம்பிய பிறகு வரும் பெரிய பணம் எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பாதி கடனுக்கு, பாதி வீட்டுக்கு. முழுவதையும் கடனுக்கே கட்டச் சொன்னால் பிள்ளைகள் கடனை வெறுப்பார்கள். சீட்டு எடுத்த பணம், அரியர், ஊர் நிலத்துக் குத்தகை எல்லாம் இதில் சேரும்.

மாடியில் ஒரு அறை காலியாக இருந்தால், வேலூரில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வி.ஐ.டி. பல்கலைக்கழகம் பக்கம் காட்பாடியில் மாணவர்கள், சி.எம்.சி.க்கும் பாகாயத்துக்கும் பக்கத்தில் வடமாநிலங்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் நோயாளிகளின் குடும்பங்கள். 4,000 வாடகை வந்தால் அது குடும்பச் செலவுக்குள் கலக்காமல் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும். வாடகைதாரரின் அடையாள அட்டை நகல், எழுத்தில் ஒப்பந்தம் இரண்டும் இல்லாமல் சாவி கொடுக்காதீர்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம். உங்கள் கடன் வட்டியும் ஏறக்குறைய அதுவே என்றால் எடுப்பதில் லாபம் இல்லை, வயதான காலத்துப் பணமும் போய்விடும். விட்டுவிடுங்கள்.

கடனை அடைக்க வேண்டிய பணத்தை 'மாதம் பத்து வட்டி தர்றாங்க' என்று எங்காவது போடுவது இன்னும் மோசம். வேலூர், ஆரணி, ஆற்காடு பக்கம் அப்படிப் போட்டு, 2022-ல் கம்பெனிக் கதவு மூடிய பிறகு காவல் நிலையத்தில் வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வீட்டை அடமானம் வைத்துப் போட்டவர்களும் அதில் உண்டு.

படி 8: அவசரப்படக் கூடாத இரண்டு இடங்கள்

2024 செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ கடன் வாங்கி, பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தால் கவனம். அந்த மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணைகளாக வருகிறது. ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். மாதம் 5,000 கட்டுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் நிலத்தை விற்ற பணம் வந்தது என்று பெரிய தொகையைக் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

இரண்டாவது வருமான வரி. 'வீட்டுக் கடன் இருந்தால்தான் டேக்ஸ் மிச்சம், அடைக்காதே' என்று அலுவலகத்தில் ஒருவராவது சொல்வார். சொந்த வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் 2025-26-லிருந்து 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. நம் உதாரணக் குடும்பத்தைப் போன்றவர்களுக்கு இந்த வாதமே பொருந்தாது. பழைய முறையில் அதிக வரி கட்டுபவர்கள் மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு வேகத்தை முடிவு செய்யட்டும்.

படி 9: கடைசித் தவணைக்குப் பிறகு

பணம் கட்டி முடித்ததோடு வேலை முடியாது. கடைசியாகக் கட்டும் முன் முழுப் பாக்கிக் கடிதம் ஒன்று வாங்குங்கள். எந்தத் தேதிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது நாள் வட்டியோடு அதில் இருக்கும். கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்று, பூஜ்யம் காட்டும் ஸ்டேட்மெண்ட் இரண்டும் கேளுங்கள். கடன் வாங்கிய நாளில் வங்கியிடம் ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், வரைபட அனுமதி என்று ஒவ்வொன்றையும் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்களால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி.

பத்திரம் கைக்கு வந்ததும் பலர் அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண ஒப்படைப்புப் பத்திரம் பதிவு செய்திருப்பார்கள். அதை ரத்து செய்ய வங்கி அதிகாரி வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிய வேண்டும். இது நடக்காவிட்டால் கடன் அடைந்து பல வருடம் கழித்தும் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் உள்ள பதிவுகளின் பட்டியல்) அந்த அடமானம் நிற்கும்; விற்கவோ பிள்ளை படிப்புக்கு அடமானம் வைக்கவோ போகும் நாளில், அந்தக் கிளையில் யாரும் தெரிந்தவர் இல்லாமல் அலைய வேண்டி வரும். பத்திரம் வாங்கும் நாளிலேயே ரசீதுக்குத் தேதி கேட்டுவிடுங்கள்.

மாதாமாதம் பணம் பிடிக்கும் உத்தரவை வங்கிக் கணக்கில் ரத்து செய்யுங்கள். ஓரிரு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கடன் 'முடிந்தது' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ரசீது ஆவண எண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பதிவுச் சீட்டை எடுத்துக்கொண்டு அதே வாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.